53 வருஷம் சிறை… மேன்சன் கும்பல் பெண்ணுக்கு பரோல் கிடைத்தது எப்படி?

2023 ஜூலை 11. கலிஃபோர்னியா சிறையிலிருந்து 73 வயது லெஸ்லி வான் ஹூட்டன் வெளியே வந்தார். உள்ளே போனபோது வயது 20.

அவர் செய்தது சாதாரண குற்றம் இல்லை. 1969 ஆகஸ்ட்டில் சார்லஸ் மேன்சன் என்ற 'குரு'வின் பேச்சைக் கேட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் லாபியான்கா தம்பதியை அவர்களுடைய வீட்டுக்குள் புகுந்து கொன்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். மனைவியைக் கத்தியால் பல முறை குத்தியதை அவரே ஒப்புக்கொண்டார். முந்தைய இரவு நடிகை ஷாரன் டேட் உட்பட ஐந்து பேர் கொல்லப்பட்ட இடத்தில் மட்டும் அவர் இல்லை.

1971-ல் மரண தண்டனை. அடுத்த வருஷமே மாநில உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்ய, அது ஆயுளாக மாறியது. முதல் விசாரணையின் நடுவில் அவருடைய வக்கீல் காணாமல் போயிருந்ததால், பிறகு அந்தத் தீர்ப்பும் ரத்தானது. மறுவிசாரணை நடந்து 1978-ல் மீண்டும் ஆயுள், ஆனால் பரோல் வாய்ப்புடன்.

இங்கே ஒரு விஷயம். நம்மூரில் பரோல்னா கல்யாணம், சாவுக்கு சில நாள் விடுப்பு. அங்கே பரோல் என்பது கண்காணிப்போடு கூடிய விடுதலை.

வாரியம் சரின்னது, கவர்னர் ஏன் தடுத்தார்?

2016 முதல் ஐந்து முறை பரோல் வாரியம் பச்சைக்கொடி காட்டியது. ஐந்து முறையும் கவர்னர்கள் மறுத்தார்கள்: ஜெர்ரி பிரவுன் இரண்டு, கேவின் நியூசம் மூன்று. கொலை வழக்குகளில் கவர்னருக்கு இந்த அதிகாரத்தை 1988-ல் வாக்காளர்களே கொடுத்தார்கள். தேர்தலில் நிற்கும் ஒருவர் மேன்சன் பெயர் ஒட்டிய கோப்பில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இறந்தவர்களின் உறவினர்களும் கடைசி வரை எதிர்த்தார்கள். அவர்களுக்கு அது பழைய செய்தி இல்லையே.

ஆனால் சட்டம் கேட்பது வேறு கேள்வி. குற்றம் எவ்வளவு கொடூரம் என்பது மட்டும் போதாது; இந்த ஆள் *இன்றைக்கு* ஆபத்தானவரா? 2008-லேயே மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

மேன்சனிடம் எப்படி விழுந்தோம் என்பதை வான் ஹூட்டன் போதுமான அளவு விளக்கவில்லை என்றார் நியூசம். சிக்கலே அதுதான். "மூளைச்சலவை செய்தார்கள்" என்றால் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தெரியும். "நான்தான் செய்தேன்" என்றால், ஏன் செய்தாய் என்ற கேள்வி அப்படியே நிற்கும். 19 வயதில் எடுத்த முடிவுக்கு 70 வயதில் கச்சிதமான பதில் யாரிடம் இருக்கும்?

2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், கவர்னரின் முடிவுக்கு ஆதாரமில்லை என்று 2-1 கணக்கில் ரத்து செய்தது. உள்ளேயே பட்டமும் முதுகலையும் முடித்திருந்த அவருடைய மாற்றத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். ஒரு நீதிபதி உடன்படவில்லை. நியூசம் மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்டார்.

இந்தத் தீர்ப்பால் மற்றவர்களும் வெளியே வந்துவிடுவார்கள் என்றில்லை. இரண்டு இரவுகளிலும் இருந்த பேட்ரிஷியா கிரென்விங்கலுக்கு வாரியம் 2022-ல் முதல் முறையாக பரோல் பரிந்துரைத்தது. அதே வருஷம் நியூசம் அதை நிராகரித்தார். மேன்சன் 2017-லேயே சிறைக் கைதியாக இறந்துவிட்டார்.