பதினெட்டு அடிக்குள் எந்த லென்ஸ்?

எங்கள் ஸ்டுடியோவின் நீளம் 18 அடி. ஆள் திரைச்சீலையை ஒட்டி நின்றால் பின்னால் நிழல் விழும். மூன்றரை, நான்கு அடி முன்னால் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். எனக்கும் கேமராவுக்கும் மிச்சம் 14 அடி. மன்னார்குடியில் அப்பா காலத்திலிருந்து கல்யாண ஜோடி, ஹால்டிக்கெட் போட்டோ, மொட்டையடித்துக் காது குத்திய குழந்தை என்று எல்லோரும் இந்த 14 அடிக்குள் நின்றும் உட்கார்ந்தும் போனவர்கள்தான்.

2008-ல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. முகத்துக்கு 85 எம்.எம். லென்ஸ்தான் என்று படித்திருந்தேன். ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் அதையே வாங்கினேன். முதல் ஜோடி வந்து நின்றது. மாப்பிள்ளையின் தலையிலிருந்து பெண்ணின் பாதம்வரை வரவேண்டும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். முதுகு கதவில் இடித்தபோதும் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரைதான் தெரிந்தது. கதவைத் திறந்து, திண்ணையிலிருந்து இறங்கி, தெருவில் ஒரு காலை வைத்த பிறகுதான் பாதம் வந்தது. "என்ன தம்பி, டீ குடிச்சிட்டு வந்துர்றீங்களா?" என்றார் பெண்ணின் சித்தப்பா. என் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 85 போட்டால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் கிட்டத்தட்ட 130 போட்ட மாதிரி. ஆளை முழுசாக எடுக்க 24 அடி வேண்டும். லென்ஸில் ஒரு குறையும் கிடையாது. இடத்தைக் கேட்காமல் வாங்கினவன் நான்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருப் பையன் ஒருவன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கல்யாணங்களுக்குக் கேண்டிட் எடுக்கிறான், கெட்டிக்காரன். "அண்ணே, 85 எஃப் 1.2 வாங்கலாம்னு இருக்கேன். இஎம்ஐ போட்டுக்கலாம்" என்றான். அந்த லென்ஸ் ஒரு லட்சத்தைத் தாண்டும். "எங்க நிக்கப் போற?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. லென்ஸைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அவனிடம் ஷார்ப்னெஸ் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், பின்னணி வெண்ணெய் மாதிரி உருகுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நிற்கிற இடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முகத்தின் வாகை லென்ஸ்தான் மாற்றுகிறது என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களே நம்புகிறார்கள். 28 மூக்கைப் பெரிதாக்கும், 85 முகத்தை அழகாக்கும் என்பார்கள். மாற்றுவது தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கையை நீட்டி செல்ஃபி எடுக்கும்போது மூக்கு 50 சென்டிமீட்டரில் இருந்தால் காது 62-ல் இருக்கும். காதின் அளவோடு பார்க்க மூக்கு கால்பங்கு பெருத்து விழும். ஒன்றரை மீட்டருக்குப் போனால் அதே பெருக்கம் நூற்றுக்கு எட்டுதான். அந்த இடத்தில் நின்றுகொண்டு எந்த லென்ஸைப் போட்டாலும் மூக்கும் காதும் அதே பொருத்தத்தில்தான் இருக்கும். லென்ஸ் செய்வது காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்ற வேலையை மட்டும்.

ஆகவே முதலில் தூரம். முகத்துக்கு ஐந்தடியிலிருந்து ஆறடி நல்லது என்பது என் அனுபவம். மூக்குக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிகளிடம் மூன்றடிக்குள் கேமராவோடு போய்ப் பாருங்கள், உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார்கள். பத்தடிக்கு அப்பால் போனால் பேச்சு விட்டுப்போகிறது, கத்திக் கத்தி முகத்தைத் திருப்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தடியில் நின்று தலையும் தோளும் வரும்படி எடுக்க ஃபுல் ஃபிரேமில் 85, சிறிய சென்சாரில் 50 அல்லது 60. அந்தச் சிறிய சென்சாரில் 50 போட்டால் என் 14 அடிக்குள் ஆறரை அடி உயரம் அடங்கிவிடுகிறது. 2008-லேயே அந்த மலிவான 50 எஃப் 1.8-ஐ வாங்கியிருந்தால் சித்தப்பாவிடம் பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்.

அடுத்தது அந்த 1.2. லென்ஸின் வாய் அகலத்தைச் சொல்லும் எண் அது; எண் சிறுத்தால் வாய் பெரிது. முகத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த முதல் லென்ஸ் 1840-ல் வியன்னாவில் வந்தது. கணக்குப் போட்டவர் யோசஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர். செய்து விற்றது ஃபோக்ட்லாண்டர் கம்பெனி. அதற்கு முந்தைய வருஷம்தான் டாகரின் புகைப்பட முறை உலகத்துக்குத் தெரியவந்திருந்தது. ஆனால் ஒரு தகட்டுக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். மனுஷன் எத்தனை நேரம்தான் இமைக்காமல் இருப்பான்? பெட்ஸ்வாலின் லென்ஸ் சுமார் எஃப் 3.6. அந்தக் காலத்துக்கு அது பெரிய வாய். ஓரங்கள் குழம்பித்தான் விழுந்தன. நடுவில் முகம் தெளிவாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள். வாய் அகன்ற லென்ஸ் பிறந்தது ஆளைச் சீக்கிரம் நாற்காலியிலிருந்து விடுவிக்க. மங்கல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தாலும் படம் நன்றாக வருகிறது. மண்டப விளக்கில் எஃப் 2.8 தாராளமாகப் போதும். ஆனாலும் நாம் மங்கலுக்குத்தான் லட்சம் கொடுக்கிறோம்.

85-ஐ எஃப் 1.2-ல் முழுசாகத் திறந்து ஒன்றரை மீட்டரிலிருந்து முகத்தை எடுத்தால், தெளிவு நிற்கும் ஆழம் மொத்தமே 2 சென்டிமீட்டர் சொச்சம். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்குத்தி மங்கும், மூக்குத்தியில் வைத்தால் கண் மங்கும். எஃப் 4-க்கு வந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் கிடைக்கிறது. கண், மூக்கு, கன்னம் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஸ்டீவ் மக்கரி அதை எடுத்த லென்ஸ் 105 எம்.எம்., அது திறக்கிற அளவே எஃப் 2.5 வரைதான்.

மங்கலில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 2016-ல் ஒரு முகூர்த்தம். தாலி ஏறுகிற நேரம் எஃப் 1.8-ல் வைத்துப் பெண்ணின் கண்ணைப் பிடித்தேன். இமையில் தங்கிய நீர்வரை தெளிவு. பின்னால் எல்லாம் பொன்னிறப் புகை. ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான், ஸ்டுடியோ வாசலிலும் ஒரு பிரதி மாட்டினேன். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண் வந்தாள். அவள் அப்பா தவறிவிட்டார். "அண்ணே, அந்தப் படத்துல அப்பா எனக்குப் பின்னாடிதான் நின்னாங்க. அந்த முகத்த மட்டும் பெருசாக்கித் தாங்க." கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். பழுப்பாக ஒரு வட்டம், அதற்குக் கீழே வெள்ளை. தோளில் பச்சைக்கரைத் துண்டு போட்டிருந்தார் என்பதுவரை சொல்லலாம். இதைத் தெளிவாக்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்குமே என்று கேட்டாள். நான் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

என் அப்பா யாஷிகா மேட் 124ஜி-யில் எடுத்தார். அதன் 80 எம்.எம். லென்ஸை எஃப் 8, 11-க்கு மேல் அவர் திறந்ததை நான் பார்த்ததில்லை. அந்த நெகட்டிவ்களை இன்று ஸ்கேன் செய்தால் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தில் மணி பார்க்கலாம். ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவின் சட்டைப் பையில் எட்டிப்பார்க்கும் மூக்குப்பொடி டப்பியும் தெரியும். மங்கலே கூடாது என்று நான் சொல்லவில்லை. மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வீடியோக்காரரின் தொப்பையையும் மறைக்க அதைவிட நல்ல திரை கிடையாது. தனிப்படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டுகிற நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் நாற்காலிகள் இல்லை.

தாலி என்றதும் அடுத்த விஷயம். 85-ஐக் கழுத்தருகே கொண்டுபோனால் 80 சென்டிமீட்டருக்கு இந்தப் பக்கம் அது ஃபோகஸ் பிடிக்காது. மெட்டி, நெற்றிச்சுட்டி, மருதாணி எதுவும் நெருக்கமாக வராது. இங்கேதான் மேக்ரோ. ஜூம் லென்ஸ்களின் கழுத்தில் மேக்ரோ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். பல லென்ஸ்கள் உண்மை அளவில் நாலில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஒரு சென்டிமீட்டர்ப் பொருள் சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராக விழுந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று. நிக்கான் கம்பெனி 1956-ல் கொண்டுவந்த முதல் மைக்ரோ நிக்கோர் பூச்சிக்காக வந்ததில்லை. ஜப்பானியப் புத்தகங்களின் நெருக்கமான கான்ஜி எழுத்துகள் மைக்ரோஃபிலிமில் கலங்காமல் பதிய வேண்டும் என்பதற்காக வந்தது.

எனக்கு மேக்ரோ பிடித்துப்போனது கல்யாணத்தால் இல்லை, நெல்லால். கார்த்திகை கடைசியில் சம்பா பூத்திருந்தது. நெற்பூ காலை வெயில் ஏறிய பிறகு திறக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடிய பூ மறுபடி திறப்பதில்லை. 50 எம்.எம். லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டிக்கொண்டு வரப்பில் குப்புறப் படுத்தேன். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய் அது. லென்ஸை முன்னால் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். 50 எம்.எம். லென்ஸை இன்னும் 50 எம்.எம். தள்ளினால் ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும். விலை இரண்டாயிரம், மூவாயிரம்.

படம் வந்தது, ஆனால் பட்ட பாடு பெரிது. கதிருக்கும் லென்ஸுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. என் தலையின் நிழலே பூவின் மேல் விழுந்தது. லென்ஸின் விளிம்பு பட்டாலே கதிர் ஆடியது. எஃப் 8 வைத்தாலும் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இந்த நெருக்கத்தில் ஆட்டோஃபோகஸ் கிடந்து அலையும். அதை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல ஆட்டித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். மறு வருஷம் பழைய 100 எம்.எம். மேக்ரோ ஒன்று வாங்கினேன். அதில் ஒன்றுக்கு ஒன்று வைத்தாலும் சுமார் 13 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. நிழல் விலகியது. பக்கத்துக் கதிரில் உட்கார்ந்த தட்டான்கூடப் பறக்காமல் இருந்தது. 60 எம்.எம். மேக்ரோவில் கம்பெனியைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர்தான். மேக்ரோவிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தூரத்தைத்தான்.

அந்த நெற்பூப் படத்தை அத்தையிடம் காட்டினேன். ஐம்பது வருஷம் வயலில் நின்றவள். விரிந்த உமிக்கு வெளியே ஆறு மகரந்தப் பைகள் தொங்கின. "இத்தன நாளு நட்டு அறுத்துருக்கேன், இதுக்குள்ள இப்படி ஜிமிக்கி தொங்குதா?" என்று கேட்டாள். பிறகு, படத்தில் ஓரமாக இருந்த இலையைக் காட்டி, அது எந்த வயல் என்று சரியாகச் சொன்னாள். அந்த இலையில் ஒரு துளை இருந்ததாம்.

இந்த 100-ஐ முகத்துக்கும் போடலாம். மேக்ரோ லென்ஸ் தோலின் குழிகளையெல்லாம் காட்டிவிடும் என்று பயமுறுத்துவார்கள். காட்டும்தான். ஆளை ஜன்னலுக்கு நேர்முகமாக உட்காரவைத்தால் அந்தக் குழிகள் அடங்கிவிடும். டாம்ரான் 1979-ல் கொண்டுவந்த 90 எம்.எம். எஃப் 2.5 உண்மை அளவில் பாதிவரைதான் போகும்; ஆனாலும் முகத்துக்கும் பூவுக்கும் ஒரே லென்ஸ் என்று அதைக் கொண்டாடியவர்கள் ஏராளம். சிக்கல் ஒன்றுண்டு. சிறிய சென்சாரில் 90, 100 போட்டால் தலை, தோள் படத்துக்கே எட்டரை அடி வேண்டும். வயலுக்கு ஏற்றது அறைக்குப் பெரிது, அறைக்கு ஏற்ற 60 வயலில் நிழல் போடும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு லென்ஸ் ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு உண்டு. மற்றவர்கள் மலிவான 50 ஒன்றையும் பழைய 90 அல்லது 100 மேக்ரோ ஒன்றையும் வாங்கினால், அந்த எஃப் 1.2-ன் விலையில் பாதிகூட ஆகாது.

பழையது வாங்குகிறவர்கள் டார்ச் கொண்டுபோக வேண்டும். லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். தலைமுடி இழைபோல, சிலந்திவலைபோலக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். எங்கள் ஊரில் ஐப்பசி மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். அப்பா தோல் உறைக்குள் பத்திரமாக வைத்த லென்ஸ் ஒன்றை ஈரம் அப்படித்தான் தின்றது. நான் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீலம் ரோஸாகும்போது மாற்றிவிட வேண்டும்.

பையன் இன்னும் எதையும் வாங்கவில்லை. போன வாரம் இஞ்ச் டேப்போடு வந்து, தான் அடிக்கடி போகும் இரண்டு மண்டபங்களின் மேடையை அளந்ததாகச் சொன்னான். ஒன்றில் மணையிலிருந்து மேடை விளிம்புவரை ஒன்பதடி, மற்றதில் ஏழு. அந்த ஏழடியில் நாதஸ்வரக்காரரும் உட்கார்ந்திருப்பாராம். போகும்போது என் எக்ஸ்டென்ஷன் டியூபை இரண்டு நாளைக்கு என்று சொல்லி எடுத்துப்போனான். இன்றோடு எட்டு நாள் ஆகிறது.