எல்லாருக்கும் அட்மின் வேண்டாம்



நம் பழைய மாணவர் சங்க இணையதளம் பற்றி இரண்டு நாளாக வாட்சப் குழுவில் வாதம் ஓடுகிறது. அங்கே துண்டு துண்டாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிதில்லை.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதானே சார், எல்லாருக்கும் அட்மின் குடுத்துடலாம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். உடனே "சாருக்கு எங்க மேல நம்பிக்கை இல்ல" என்று ஒரு வருத்தம்.

நம்பிக்கை எங்கே வந்தது இதில்? வருகைப் பதிவேட்டை நான் எழுதினேன். மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியர்தான் கையெழுத்துப் போட்டார். என் பணிப்பதிவேட்டை நான் பார்க்கலாம், அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. பொதுத்தேர்வு விடைத்தாள் கைக்கு வரும்போது அதில் பையன் பெயரே இருக்காது. என்னைத் திருடன் என்று நினைத்தா இதெல்லாம் செய்தார்கள்? எந்தக் காகிதத்தில் யார் கை வைக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் தளம் ஓடுவது வேர்ட்பிரஸில். 2005 கடைசியில் வந்த 2.0 பதிப்பிலேயே அதில் பொறுப்புகளைப் பிரித்துவிட்டார்கள். சப்ஸ்கிரைபர் படிக்கலாம். கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், வெளியிட முடியாது, படம் ஏற்றவும் முடியாது. ஆத்தர் தன் பதிவைத் தானே வெளியிடலாம், அடுத்தவர் பதிவைத் தொட முடியாது. எடிட்டர் எல்லார் பதிவையும் திருத்தலாம், நீக்கலாம். அட்மின் தளத்தையே மாற்றலாம், ஆட்களையும் நீக்கலாம். ஒருவர் கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியதையும் சேர்த்து நீக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று கேட்கும். காலமான நண்பரின் கணக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் அவசரமாக அங்கே தட்டினால் என்ன ஆகும், யோசியுங்கள்.

பொங்கல் வாழ்த்துப் படம் போட யாருக்கு இவ்வளவு அதிகாரம் வேண்டும்? ஆத்தர் போதும்.

போன வருஷம் நடந்ததை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். உதவித்தொகைப் பக்கத்தில் விண்ணப்பக் கடைசித் தேதி மாறிப்போனது. அதை நம்பி இரண்டு பெண் பிள்ளைகள் தாமதமாக அனுப்பினார்கள், குழு ஏற்கவில்லை. ஒருத்தியின் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். யார் மாற்றியது? யார் எப்போது திருத்தினார் என்று வேர்ட்பிரஸ் குறித்து வைக்கும். பார்த்தோம். 'அட்மின்' என்றுதான் இருந்தது! ஒரே கடவுச்சொல்லை 14 பேர் வைத்திருந்தால் வேறென்ன இருக்கும்? அந்தப் பிள்ளைகளுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை அதே பக்கத்தில் நன்கொடை வங்கிக் கணக்கு எண் மாறினால்?

இதில் மென்பொருள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 'பதிவு' வேறு, 'பக்கம்' வேறு என்று அதுவே பிரிக்கிறது. ஆத்தரால் பக்கத்தைத் திருத்த முடியாது. அதனால் உதவித்தொகைப் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டியவரை எடிட்டர் ஆக்குகிறோம். கூடவே எல்லார் கட்டுரையையும் அழிக்கும் அதிகாரம் அவருக்குப் போய்விடுகிறது. சமையலறை அலமாரியைத் திறக்கக் கேட்டவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்த மாதிரி.

இதற்கும் வழி இருக்கிறது. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து உதவித்தொகை, அஞ்சலி என்று நமக்கு வேண்டிய வகைகளை நாமே எளிதாக உருவாக்கிக்கொள்ளலாம். தளத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் நமக்கும் உருவாக்கித்தான் கொடுத்தார்கள். ஆனால் தனி அனுமதி என்று எதுவும் எழுதாவிட்டால் சாதாரணப் பதிவுக்கு உள்ள அனுமதியே அந்த வகைக்கும் ஒட்டிக்கொள்ளும். நம் தளத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கவிதை எழுத வந்தவர் அஞ்சலிக் குறிப்பையும் வெளியிடலாம் என்பது அப்படி வந்ததுதான். நம் மாணவர்களிலேயே நிரல் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! வகைக்குத் தனி அனுமதி எழுதி, உரியவருக்கு மட்டும் கொடுக்க ஒரு மாலை நேரம் போதாதா? முடியாது என்றால் 'மெம்பர்ஸ்', 'யூசர் ரோல் எடிட்டர்' போன்ற செருகுநிரல்கள் இருக்கின்றன.

"அட்மின் ஊர்ல இல்லன்னா வேலை நின்னுடும் சார்" என்கிறீர்கள். சரி, இரண்டு பேரை வையுங்கள். 14 எதற்கு?

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கூட்டம். நான் கேட்கப்போவது இதுதான்: பொதுக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ஆளுக்கொரு கணக்கு, அட்மின் இரண்டு பேர். உதவித்தொகைக்குச் செயலாளரும் பொருளாளரும், அஞ்சலிக்கு ஒருவர். மற்ற எல்லாரும் ஆத்தர், நானும் ஆத்தர்தான். அந்த இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் கையோடு எடுத்து வருகிறேன்.