காட்டப்படும் கிராமமும் வாழும் கிராமமும்

சீகிரியாக் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களில் 'கிராமச் சுற்றுலா' இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பயணிகளை முதலில் மாட்டுவண்டியில் ஏற்றுகிறார்கள். பின்பு குளத்தில் படகுச் சவாரி. வெயிலுக்குத் தாமரை இலையில் ஒரு தொப்பி. கரையேறியதும் ஓலைக் குடிசையில் ஒரு பெண் குரக்கன் அரைத்து, ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்துக் காட்டுகிறார். மண்சட்டியில் ஆக்கிய சோற்றை உண்டு, படமும் எடுத்துக்கொண்டு பயணிகள் வானில் ஏறிவிடுகிறார்கள். இலங்கையின் பாரம்பரிய வாழ்க்கையைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவு அவர்களுக்கு.

இதைக் குறைகூறுவது எளிது. ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதன் பின் கொவிட், 2022இன் பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்த இடிகளில் சுற்றுலாவை நம்பிய சீகிரியா, தம்புள்ளைக் குடும்பங்கள் எவ்வளவு துன்பப்பட்டன என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். ஆகவே அந்தத் தொழில் இருக்கட்டும். நான் கேட்பது வேறு: அங்கே காட்டப்படுவது யாருடைய வாழ்க்கை? குரக்கன் அரைக்கும் பெண்ணின் சொந்த வீட்டில் காஸ் அடுப்பு இருக்கலாம். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். இரவில் யானை வந்து தோட்டத்தை அழித்துவிடுமோ என்ற பயமும், விளைந்த மரக்கறிக்கு விலை கிடைக்குமா என்ற கவலையும் இருக்கலாம். அதுதான் அவருடைய அன்றாட வாழ்க்கை. பயணி அதைக் காண்பதில்லை.

ஒரு மக்களின் வாழ்க்கையை அறியக் காலம் வேண்டும். 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினார். ஊர் ஊராகச் சிறு வியாபாரம் செய்தார். 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அக்காலக் கிராம வாழ்க்கைக்கு முக்கிய ஆதாரமாக இருக்கிறது. கைதியாக வாழ நேர்ந்தவரைப் போல் பயணியும் வாழ முடியாதுதான். எனினும் கூட உழைத்தவர் கண்டதற்கும் அரை நாளில் கடந்து போகிறவர் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நூல் நமக்கு உணர்த்துகிறது.

இந்த விடயத்தில் பூட்டான் நாட்டை உதாரணம் காட்டுவோர் பலர். 1974இல்தான் அந்நாடு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. கூட்டம் வேண்டாம், பயன் வேண்டும் என்பதே அன்றிலிருந்து அதன் கொள்கை. 2022 செப்டெம்பரில் ஒரு பயணிக்கு ஓர் இரவுக்கு 200 டொலர் கட்டணம் வைத்தது. அடுத்த ஆண்டு அதை 100 டொலராகக் குறைத்தது. நிலப்பரப்பில் குறைந்தது 60 வீதம் காடாக இருக்கவேண்டும் என்பது அதன் அரசியலமைப்பிலேயே உள்ளது. பயணி அங்கே விவசாயி வீட்டில் தங்கலாம். மிளகாயும் பாற்கட்டியும் சேர்ந்த 'எமா தத்ஷி' கறியை அவர்களோடு உட்கார்ந்து உண்ணலாம். பெண்கள் தறியில் நெய்வதைப் பார்க்கலாம். வருகிறவர்களின் தொகையை விட ஊரின் வாழ்வே பெரிது என்று எண்ணிய துணிவு பாராட்டத்தக்கது.

ஆனால் நாம் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று 1989இல் அந்நாடு தேசிய உடையையும் நடைமுறையையும் எல்லோர் மீதும் கட்டாயமாக்கியது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தென்பகுதியில் வாழ்ந்த நேபாளி மொழி பேசுவோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறி, நேபாளத்து அகதி முகாம்களில் வாழ நேர்ந்தது. பயணியின் படத்தில் விழும் அழகான பாரம்பரியத்துக்கு வெளியே யாரெல்லாம் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்குச் சிறிய கேள்வியல்ல.

மாத்தளையின் பாரம்பரியம் ஒரு குடிசைக்குள் அடங்காது. ஹப்புவிடக் கிராமத்துக் கைவினைஞர்கள் அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் பதித்து வண்ணக் கோலமிடும் கலை நம் மாவட்டத்தினுடையது. மாசி மகத்தில் முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருவது இந்நகரில். மன்னாரிலிருந்து காட்டு வழியே தம்புள்ளை ஊடாக நடந்து வந்து, வழியில் பலரைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளர்களின் நினைவும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம்கள் தவளம் எனும் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் கரைக்கு இறக்கினார்கள். மாட்டுவண்டியில் ஏறும் பயணிக்கு இந்த வரலாற்றைச் சொல்ல யாருமில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வருமானத்தையும் பேசவேண்டும். கண்டி வீதியோரத்து வாசனைத் தோட்டங்களுக்குப் பயணிகளை அழைத்துவரும் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் தரகு போவது ஊரறிந்த செய்தி. மிளகையும் கராம்பையும் சாதிக்காயையும் விளைவித்த கைக்கு என்ன மிஞ்சுகிறது? சமைத்துக் காட்டும் பெண்ணுக்கு நாட்கூலியா, பங்கா? பாரம்பரியத்தைச் சுமப்பவர் பெண். அதன் விலையைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்றால் அது நீதியாகாது.

எங்கள் வீட்டுக்குள் அந்நியரை எப்படி விடுவது என்று பெற்றோர் தயங்கலாம். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறக்கத் தேவையில்லை. எதைக் காட்டுவது, எதை நமக்கென வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை வீட்டாருடையது. படம் எடுக்க வேண்டாம் என்று சொல்வதும் விருந்தோம்பலுக்கு இழுக்கல்ல. விறாந்தையில் ஒரு சஹனைச் சுற்றிப் பெண் பயணிகளோடு அமர்ந்து உண்பதும், வட்டிலப்பம் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்து உரிய கட்டணம் பெறுவதும் நம் மரபுக்குள் நின்றே செய்யக்கூடியவை.

மாணவச் சகோதரிகளே, நாமும் பயணிகள்தாம். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா போகிறோம். ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைத் தொட்டுவிட்டு, பஸ்ஸில் பாடியபடி நள்ளிரவில் திரும்புகிறோம். அதில் ஒரு நாளை நம் மாவட்டத்துக்கே ஒதுக்கினால் என்ன? காலை ஹப்புவிடக் கைவினைஞர் ஒருவரின் முற்றத்திலும், மாலை ரத்தோட்டைப் பக்கத்து மிளகுத் தோட்டம் ஒன்றிலும் இருந்து, கேட்டு, எழுதி வருவோம். வீட்டிலே உம்மும்மாவிடம் பழைய சமையலையும் பழைய வியாபாரப் பாதைகளையும் கேட்டுப் பதிவு செய்வோம். இந்தச் சஞ்சிகையின் அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் கிடைக்கட்டும். நம் வாழ்க்கையை நாமே அறிந்து சொல்லாவிட்டால், நமக்காக வேறொருவர் ஒரு குடிசையைக் கட்டி, இதுதான் நீங்கள் என்று காட்டிவிடுவார்.