முதலில் வந்தவருக்கே முதலில் என்பது நியாயமா?

ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது ஒர்க்‌ஷாப்பில் எந்த மெஷின் முன்னாடி கூட்டம் நிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? லேத் காலியா இருக்கும். டிரில்லிங் மெஷின் சும்மா நிக்கும். அத்தனை டீமும் ஒரே ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷினுக்காகக் காத்திருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் இதுதான் நிலைமை. அங்கே நாம் எல்லோரும் ஏத்துக்கிட்ட சட்டம், முதலில் வந்தவருக்கே முதலில். கேட்க நியாயமா இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க.

ஆறு டீம். மூணு பேருக்கு அலுமினியம், மூணு பேருக்கு ஸ்டீல். டூல், ஃபிக்ஸ்சர் மாத்தி செட் பண்ண 40 நிமிஷம், வெட்ட 20 நிமிஷம்னு வச்சுக்குவோம். அலுமினியமும் ஸ்டீலும் மாறி மாறி வந்தா ஆறு முறை செட்டிங். மொத்தம் 360 நிமிஷம். அலுமினியத்தை ஒரு பேட்ச், ஸ்டீலை ஒரு பேட்ச்னு சேர்த்தா ரெண்டே செட்டிங், 200 நிமிஷம்.

இதில் யாருக்கு நஷ்டம்? ரெண்டாவதா வந்த டீமுக்கு மட்டும் 40 நிமிஷம் தாமதம். முதல் டீமுக்கு மாற்றமே இல்லை. மற்ற நாலு டீமும் குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடியே வேலையை முடிச்சுட்டுப் போகும்.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. நம்ம மாவட்டத்து ஆரணியில் பட்டு நெசவைப் பாருங்க. தறியில் புதுப் பாவு ஏத்தணும்னா, ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொண்ணா கையால் பிணைக்கணும். ஒரே ஒரு சேலைக்காக அவ்வளவு வேலை செஞ்சா கட்டுப்படியாகாது. அதனால ஒரே பாவில் சில சேலைகள் நெய்யுறாங்க. அதுதான் பேட்ச்.

அப்போ பேட்ச் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லதா? இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும். பௌர்ணமி அன்னைக்கு உடனே நிரம்பிடும். சாதாரண நாளில் முதல்ல ஏறி உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம். செட்டிங் செலவு ஒரு பக்கம், காத்திருக்கும் செலவு இன்னொரு பக்கம். இந்த ரெண்டையும் தராசில் வைக்கும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913-லேயே எழுதிட்டார். இ.ஓ.க்யூ.ன்னு நாம் பரீட்சைக்குப் படிக்கிறது அதோட பரம்பரைதான். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வந்த 'தி கோல்' நாவலில் இன்னொண்ணைப் புரிய வச்சார்: நெருக்கடியான மெஷினில் போன ஒரு மணி நேரம், மொத்த ஆலைக்கும் போன ஒரு மணி நேரம்.

பாடத்தில் இதையெல்லாம் படிச்சு மார்க் வாங்குறோம். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் ஏன் பொருத்திப் பார்க்கிறதில்லை?

நான் கேட்கிறது நாலே விஷயம். ஒண்ணு, எந்த நாள் எந்த மெட்டீரியல்னு வாராந்திர அட்டவணை. ரெண்டு, டிராயிங், புரோகிராம், மெட்டீரியல் மூணும் சரிபார்த்த பிறகுதான் ஸ்லாட். மெஷின் முன்னாடி நின்னு டைமென்ஷன் தேடக்கூடாது. மூணு, உடைஞ்ச பாகத்தைத் திரும்பச் செய்ய வாரம் அரை நாள் ஒதுக்கணும். நாலு, அட்டவணை நோட்டீஸ் போர்டில் இருக்கணும். யார் யாருக்குத் தெரிஞ்சவர் என்பது அதுக்குள்ள வரக்கூடாது.

இது வெறும் நேரப் பிரச்சினை இல்லை. கையில் காசு இருக்கிற டீம், சென்னையில் அம்பத்தூருக்குப் போய் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கிட்டு வந்துடும். காசு இல்லாத டீமுக்கு அந்த ஒரு மெஷினை விட்டா வேற வழி கிடையாது. அங்கே வீணாகிற ஒவ்வொரு செட்டிங்கும் அவங்க மார்க்கில்தான் போய் விழும்.

அடுத்த ரிவ்யூ தேதி வர்றதுக்கு முன்னாடி உங்க கிளாஸ் ரெப், ஒர்க்‌ஷாப் இன்சார்ஜ் ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பேசுங்க. ஒரு பேப்பர், ஒரு பேனா, அரை மணி நேரம் போதும்.