வந்தவருக்கு இடமில்லை, வராதவருக்கு மாலை!

இம்ப்ரெஷனிசம் என்றதும் மோனே, ரெனுவார், டெகா என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். எதுவார் மானேயும் (மோனே வேறு, மானே வேறு!) தவறாமல் இருப்பார். ஜுசெப்பே டி நித்திஸ்? "யாருங்க அது?" என்பார்கள்.

1874-ல் பாரிசில், புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் படங்கள் வைத்த இத்தாலியர் அவர். அழைத்தவர் டெகா. மானேயோ, 1886 வரை நடந்த எட்டு கண்காட்சிகளில் ஒன்றில்கூடக் கலந்துகொள்ளவில்லை. இருந்தும் மானே முன்வரிசையில். டி நித்திஸ் அடிக்குறிப்பில். இது என்ன கணக்கு?

சொல்லப்படும் காரணம், அவர் 'சந்தை ஓவியர்' என்பது. கூபில் என்ற பெரிய வியாபாரியோடு ஒப்பந்தம் போட்டார், நாகரிகச் சீமாட்டிகளை வரைந்தார், அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சிக்கும் படம் அனுப்பினார். எல்லாம் உண்மை. விற்பதற்கென்றே வரைந்த சில படங்கள் திகட்டவும் செய்யும். ஆனால் ரெனுவார் 1879-லும் மோனே 1880-லும் அதே சலோனில் படம் வைத்தார்களே! அவர்கள் செய்தால் பிழைப்பு, இவர் செய்தால் துரோகமா?

இவருக்கும் பிழைப்பு இருந்தது. 1846-ல் தென்னித்தாலியின் பர்லெத்தாவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். நேப்பிள்ஸ் ஓவியப் பள்ளி 1863-ல் 'அடங்காதவன்' என்று வெளியேற்றியது. அவர் கவலைப்படவில்லை. நண்பர்களோடு பக்கத்து ரெசினாவில் திறந்தவெளியில் வரைந்தார். வெளிச்சத்தை அவர் கற்றது அங்கேதான். பாரிசில் குடியேறியது அதன் பிறகு, 1868-ல்.

1872-ல் வரைந்த 'நேப்பிள்ஸிலிருந்து பிரிந்திசி செல்லும் சாலை' படத்தைப் பாருங்கள். வெயிலில் வெளுத்த மண்சாலை, ஆழ்ந்த நீல வானம், தரையில் அப்பிய நிழல். அதே காலத்தில் வெசுவியஸ் எரிமலையில் ஏறி, சின்னச் சின்ன மரப்பலகைகளில் புகையையும் சாம்பலையும் தீட்டினார். முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிக்கு இரண்டு வருடம் முன்பே! இவையா சீமாட்டிகளுக்கான படங்கள்?

1884-ல் பக்கவாதத்தால் இறந்தபோது வயது 38. மனைவி லியோன்டீன் தன்னிடமிருந்த படங்களைப் பர்லெத்தாவுக்கே கொடுத்தார். இன்று அவை அங்கே மர்ரா மாளிகையில் இருக்கின்றன. 2022-ல் வாஷிங்டனின் பிலிப்ஸ் கலெக்‌ஷன் அவருக்கென்று தனிக் கண்காட்சியே நடத்தியது.

அருங்காட்சியகங்கள் விழித்துக்கொண்டன. பட்டியல் போடுபவர்கள் எப்போது விழிப்பார்கள்? மானேயை நீக்க வேண்டாம். கூப்பிட்டதும் வந்து நின்றவருக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும்.