கோடிக்கரைக்குப் போகலாம், வாங்க!

சகோதரிகளே, தை அமாவாசை நெருங்கினால் ஸ்ரீரங்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: "மாமி, இந்த வருஷம் கோடிக்கரை ஸ்நானத்துக்குப் போகலாமா?" தாராளமாகப் போகலாம். ஆனால் கடலில் முழுக்குப் போட்ட கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடாதீர்கள்!

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சுமார் 150 கி.மீ. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு உப்பெடுக்க நடந்தே போன ஊர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியைப் பற்றி உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள். வேதாரண்யேஸ்வரரைத் தரிசித்துவிட்டுத் தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் கோடிக்கரை. சின்ன மீனவக் கிராமம். 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி படகு விட்டாளே, அதே கடல்தான்.

ஊரை ஒட்டியே காடும் சதுப்பு நிலமும். 1967-ல் சரணாலயமாக்கினார்கள். 2002-ல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாயிற்று. முறுக்குக் கொம்போடு நிற்கும் ஆண் வெளிமானைப் பார்த்தால் குழந்தைகள் துள்ளிக் குதிக்கும். பனிக்காலத்தில் சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர்ப் பிரதேசங்களிலிருந்து பறவைகள் வரும். பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சின்னஞ்சிறு இறால் இனங்களையும் பாசியையும் வடிகட்டித் தின்னும். அதன் ரோஸ் நிறமே அந்தச் சாப்பாட்டினால் வருவதுதான்!

இன்னொன்று கேளுங்கள். நம் காவிரிப் பாசனத்தின் கடைமடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வந்து சேர்ந்தால்தான் அந்தச் சதுப்பில் உப்பு மட்டுப்படும், பறவைகளுக்கு இரை பெருகும். ஆக, இங்கே ஆற்றில் நாம் எறிவது அங்கேயும் போகலாம். அம்மா மண்டபத்துப் படித்துறையைப் போல அங்கேயும் பழைய துணியை நீரில் விட்டுவிட்டு வருவது புண்ணியமா, சொல்லுங்கள்? 2004 சுனாமியும் 2018 கஜா புயலும் அடித்த கரை அது. நாம் வேறு அடிக்க வேண்டாமே!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• மார்கழி, தை மாதங்கள் சௌகரியம். விடியற்காலையோ மாலையோ நல்லது.

• புளியோதரை, தயிர் சாதத்தை டிபன் காரியரில் எடுத்துப் போங்கள். இலை, பாலிதீன் பை எல்லாம் உங்களோடு வீட்டுக்குத் திரும்பட்டும்.

• குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்காதீர்கள். பழகிவிட்டால் கையிலிருப்பதைப் பிடுங்கும், கடிக்கவும் செய்யும்.

• ஜரிகைப் புடவை வேண்டாம், மங்கலான நிறமே நல்லது. சத்தம் போட்டால் பறவை எழும்பிவிடும்.

• உப்புக் காற்றில் தாகம் தெரியாது. காய்ச்சி ஆறிய தண்ணீரை அடிக்கடி குடியுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறக்க வேண்டாம்.

• இடுப்பளவுக்கு மேல் கடலில் இறங்காதீர்கள். சதுப்புச் சேற்றில் கால் வைக்கவே வேண்டாம்.