முதலை விஞ்சும் வட்டி

ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும்போது, நிதி அமைச்சர் எவராயினும், ஆளும் கட்சி எதுவாயினும், ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. வரும் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் இத்தனை வீதம் வளரும் என்பதே அவ்வாக்கியம். எதிர்க்கட்சியினர் எழுந்து, அத்தனை வீதம் போதாது என்பர். இவ்வளர்ச்சி எதுவரைக்கும் செல்லலாம் என்று கேட்பார் ஒருவரும் இலர். கேட்பவன் வளர்ச்சிக்கு எதிரி என்றோ, வறுமையை விரும்புபவன் என்றோ தூற்றப்படுவான் என்ற அச்சமே காரணம் போலும். அத்தூற்றலுக்கு அஞ்சாது அக்கேள்வியை இன்று நாம் எழுப்புகின்றோம்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 3 வீதம் என்பது கேட்பதற்குச் சிறிய எண். ஆயினும் அவ்வீதத்தில் வளரும் எப்பொருளும் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் இரட்டிக்கும். 240 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். 240 ஆண்டுகள் எட்டாத காலமன்று. நமது தேசவழமையை ஒல்லாந்தர் தொகுத்த 1707 ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை கடந்த காலம் அதனிலும் நீண்டது. இன்று வெட்டும் மரத்தையும், அகழும் கல்லையும், எரிக்கும் எண்ணெயையும் போல் ஆயிரம் மடங்கை இப்பூமி தருமா என்று கேட்டால், தரும் என்று சத்தியக் கடதாசி முடிக்கத் துணிபவர் இருக்க மாட்டார்.

வட்டிக்கு வட்டி ஏறும் கடன் எந்த ஆதனத்தையும் ஒரு நாள் விழுங்கிவிடும் என்பதைச் சட்டம் வெகு காலத்துக்கு முன்னரே கண்டுகொண்டது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. நிலுவையில் நிற்கும் வட்டி முதலுக்குச் சமமானதும், அதற்கு மேல் ஏறாது நின்றுவிடும். இந்து தர்ம சாத்திரமும் ‘தாம்துபட்’ என்ற பெயரில் இவ்வரம்பையே வகுத்தது. கடன்காரன்மீது கொண்ட இரக்கம் மட்டும் இதற்குக் காரணமன்று. கோரிக்கை முடிவின்றிப் பெருகலாம், ஆனால் அதை நிறைவேற்ற வேண்டிய காணி பெருகாது என்ற தெளிவே காரணம். ஈட்டு வழக்கில் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், உலகத்தின் கணக்கில் மட்டும் ஏன் மறக்கின்றோம்?

எதிர்வழக்கையும் நேர்மையாக எடுத்துரைத்தல் முறை. 1798 இல் மால்தஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், உணவு பெருகுவதிலும் விரைவாக மக்கள் பெருகுவர், ஆகவே பஞ்சமே இறுதி என்றார். அக்காலத்தில் உலகின் சனத்தொகை ஏறத்தாழ 100 கோடி. 2022 நவம்பரில் அது 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. மால்தஸ் கூறிய பேரழிவு நேரவில்லை. உலகை மொத்தமாக நோக்கின் அன்றையிலும் இன்று தலைக்குக் கிடைக்கும் உணவு அதிகம். காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கும் வழியை ஹேபர் என்ற ஜேர்மானிய விஞ்ஞானி கண்டதும், 1913 இல் போஷ் அதனைத் தொழிற்சாலையில் நிறுவியதும், பின்னர் புதிய நெல், கோதுமை இனங்கள் வந்ததும் இதற்குக் காரணங்கள். 1980 இல் போல் ஏர்லிக் என்ற உயிரியலாளரும் ஜூலியன் சைமன் என்ற பொருளியலாளரும் ஐந்து உலோகங்களின் விலைமீது பந்தயம் கட்டினர். பத்தாண்டுகளில் விலை ஏறும் என்றார் முன்னவர். இறங்கும் என்றார் பின்னவர். 1990 இல் ஏர்லிக் தோற்றுப் பணம் கட்டினார். ஒரு பொருள் அருகினால் அதன் விலை ஏறும், விலை ஏறினால் மக்கள் சிக்கனம் செய்வர், மாற்றுப் பொருளும் தேடுவர் என்பதே சைமன் கட்சியின் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் விலையே இல்லாத பொருளின் கதி என்ன? இவ்விடத்திலேதான் நாம் தொலைதேசக் கதைகளை விடுத்து நமது கிணற்றடிக்கு வரவேண்டியிருக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து ஓய்ந்துவிடும். அம்மழை நிலத்தடிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. உவர்நீர் நன்னீரிலும் சற்றே கனமானது. ஆதலால் கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. இதன் மறுபக்கத்தைக் கமக்காரர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி மேலேறும். இதற்குச் சாட்சி வேண்டுவோர் நவக்கிரியிலுள்ள நிலாவரைக்குச் செல்லலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. இராமபிரான் அம்பெய்து தோன்றிய நீர் என்பது ஐதிகம். அவரும் உப்பைத் தொடாமல் மேல்நீரை மட்டும் அள்ளும்படியே அதனை விட்டுச் சென்றார் போலும்!

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் காலும் கையுமே வரம்பாக இருந்தன. 1950 களிலிருந்து மண்ணெண்ணெய் இயந்திரம் பரவியது. 1970 களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, நம்மவர் பணம் கண்டனர். வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அதனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவ்வெங்காயத்தாற் படித்தவர்களே இன்று மருத்துவராயும் பொறியியலாளராயும் இப்பத்திரிகையைப் படிக்கின்றனர். ஆனால் அதே காலத்திலேதான் யூரியாப் பசளையும் மலசலகூடக் குழிகளும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். 1980 களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகளில், வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அவ்வளவைத் தாண்டியிருந்தன. கரையோரத்திலும் தீவுகளிலும் கிணறுகள் உவர்த்துப் போயின. உலகத்தைப் பட்டினியிலிருந்து காத்த அதே நைதரசன் நமது குழந்தைகளின் குடிநீரில் நஞ்சாய் நிற்கின்றது.

இதற்கெல்லாம் சனப் பெருக்கமே காரணம் என்று கூறுவோர் உளர். அவர்கள் குடிசன மதிப்பறிக்கையைப் பார்க்கட்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 இல் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். 2012 இல் 6 இலட்சத்துக்கும் குறைந்தனர். போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் செய்த கோலம் அது. தலைகள் குறைந்தன; கிணற்றின் நோயோ குறையவில்லை. ஆகவே எத்தனை பேர் என்பது கேள்வியின் ஒரு பாதியே. ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கின்றனர், எதைத் திருப்பிக் கொட்டுகின்றனர் என்பது மறு பாதி.

முதற் பாதி தானாகவே தீர்ந்து வருகின்றது என்பது பலர் அறியாத செய்தி. உலகச் சனத்தொகையின் ஆண்டு வளர்ச்சி 1960 களில் 2 வீதமளவில் இருந்து, இன்று 1 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்நூற்றாண்டின் 2080 களில் ஏறத்தாழ 1,030 கோடியை எட்டியபின் தொகை குறையத் தொடங்கும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் 2024 ஆம் ஆண்டு மதிப்பீடு. இலங்கையில் எவரும் எவரையும் வற்புறுத்தாமலே குடும்பங்கள் சுருங்கின; பெண் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததுமே காரணம். தமிழருக்கு இவ்விடயத்தில் வேறொரு கவலையும் உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. 2010 இல் 9 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2015 இல் 7 ஆகவும் 2024 இல் 6 ஆகவும் குறைந்தன. தலைகளை எண்ணி உரிமையை அளக்கும் நாட்டில், சிறுபான்மையான ஓர் இனத்தைப் பார்த்து ‘பூமி தாங்காது, குறையுங்கள்’ என்று போதிப்பவரை நாம் ஐயுறவுடனேயே நோக்குவோம். அதுபோலவே, ஆண்டுக்குத் தலைக்கு 14 தொன் அளவில் கரியமிலவாயுவை வெளியிடும் ஐக்கிய அமெரிக்கா, ஏறத்தாழ ஒரு தொன் வெளியிடும் இலங்கையை நோக்கி உபதேசித்தால், முதலில் தன் முற்றத்தைக் கூட்டட்டும் என்போம்.

வளர்ச்சியை நாளைக் காலையே நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோருக்கும் ஒரு பாடம் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஓரிரவில் தடை செய்யப்பட்டது. மண்ணின் நலன் என்றார்கள். வெளிநாட்டுச் செலாவணி வற்றியதே உண்மைக் காரணங்களில் ஒன்று. நெல் விளைச்சல் விழுந்தது, சில மாதங்களில் தடை நீக்கப்பட்டது, பட்ட நட்டம் கமக்காரன் தலையில் நின்றது. 2022 ஏப்ரிலில் நாடு வெளிக்கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அவ்வாண்டிலே பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் கடற்றொழிலாளரும் தோட்டக்காரருமே. கொழும்பிலே திட்டம் தீட்டியவர்களை அவ்வரிசையில் எவரும் கண்டதில்லை. ஆயத்தமின்றி நின்றுபோகும் வளர்ச்சி முதலில் ஏழையின் அடுப்பையே அணைக்கும். வரம்பு உண்டு என்று நாம் சொல்வது, அவ்வாறு மோதி நிற்பதற்கு முன்னர் நாமே அளந்து நிறுத்த வேண்டும் என்பதற்காகவே.

மாற்று வழிகள் உண்டென்பர். உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்கள் எதிர்ப்பிலே நியாயம் இருந்தது. அவர்கள் வயலும் வரம்புடையதே. பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைந்து 2024 இல் திறக்கப்பட்டது. குடிப்பதற்கு அது பேருதவி. ஆயினும் ஆயிரம் லீற்றரை நன்னீராக்க மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். அவ்வாறு வாங்கிய நீரை வெங்காயத்துக்கு இறைத்து இலாபம் காண எந்தக் கமக்காரனாலும் இயலாது. ஆகவே தோட்டத்துக்கு மீண்டும் நமது சுண்ணக்கல்லே கதி.

இனிச் செய்யத்தக்கது யாது? நமது பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ‘கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று நொத்தாரிசுமார் தவறாது எழுதி வந்தனர். ஒரு கிணற்றுக்குப் பங்குகாரர் பலர். அவரவர் முறை நாளில் அவரவர் இறைத்தனர். முறை தவறினால் வழக்கு. வேலிக்கும் வாய்க்காலுக்கும் வழக்காடியதற்காக நம்மை நகைப்பவர் உண்டு. அவ்வழக்குகளால் எம் தொழிலினர் வாழ்ந்ததும் உண்மை. ஆனால் அளவுள்ள பொருளை முறை வைத்துப் பகிரும் சட்டப் புத்தி அதனுள்ளே இருந்தது. இன்று ஓர் இலட்சம் அளவிலான கிணறுகளும் உண்மையில் ஒரே நீரில் பங்குடையவை. என் காணி, என் இயந்திரம், என் விருப்பம் என்ற வாதம் ஒரு கிணற்றுக்குள்ளே செல்லாதென்றால், நூறு கிணறுகளுக்கிடையே எவ்வாறு செல்லும்?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கமக்கார அமைப்புகள் ஊர்தோறும் உள்ளன. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லையிலுள்ள கிணறுகளில் சிலவற்றைத் தெரிந்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து கமநல சேவை நிலையத்தில் எழுதி வைக்கட்டும். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் இறைப்பு நேரத்தைக் குறைக்க ஊரவர் கூடி முடிவு செய்யட்டும். நமது குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் உள்ளன. அவற்றுட் பல தூர்ந்தும், வரத்து வாய்க்கால் அடைபட்டும், குப்பை மேடாகியும் கிடக்கின்றன. தொண்டைமானாற்று, உப்பாற்றுத் தடுப்பணைகளின் கதவுகள் பழுதுற்றால் மழைநீர் கடலுக்குப் போகும், கடல்நீர் உள்ளே வரும். இவற்றுக்குப் பொறுப்பான திணைக்களங்களிடம் எழுத்திலே கேட்டு, எழுத்திலே விடை பெறும் பணியை அவ்வவ்வூர்ச் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் கட்டணமின்றி ஏற்க வேண்டுமென அழைக்கின்றோம். ஐப்பசி மழை தொடங்குமுன் முதற் கூட்டம் நடைபெறுதல் வேண்டும். புரட்டாதியிலேயே தத்தம் ஊர்க் குளத்தின் பெயரையும், அதன் பரப்பையும், வரத்து வாய்க்காலை அடைத்து நிற்பது யாதென்பதையும் எமக்கு எழுதியனுப்புங்கள். ஊர் ஊராக வெளியிடுவோம்.